குறைமாதச் சிசுவும் பிராணவாயுவும்

பிராணவாயு என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே, அஃது உயிர்க்கு உற்ற துணை என்னும் எண்ணமே நம் உள்ளத்தில் எழுகின்றது. பிராணன் என்பது உயிராகலின், அவ்வுயிரை உடலில் நிறுத்தும் வாயுவுக்கு இப்பெயர் பொருத்தமே. மூச்சுத் திணறுவார் ஒருவரைக் கண்டால் பிராணவாயு கொடுக்கவேண்டுமென்று பதறுதலும், கொடுத்தபின் இனிக் கவலையில்லையென்று நெஞ்சாறுதலும் கற்றார்க்கும் கல்லார்க்கும் ஒத்த இயல்பாம். ஆயினும், இவ்வாயுவைக் கண்டு உலகிற்கு அறிவித்தாருள் ஒருவரே இதனைக் குறித்து ஓர் ஐயமும் கொண்டிருந்தார் என்பதை நம்மவருட் பலர் அறியார்.

அவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர். இங்கிலாந்து தேசத்திற் போதக ஊழியஞ் செய்துகொண்டே இயற்கை நூலையும் ஆராய்ந்தவர். 1774ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் தேதியன்று, பாதரசத்தின் செந்நிறப் பஸ்பத்தைப் பூதக்கண்ணாடியின் வாயிலாய்ச் சூரிய கிரணங்களாற் சுட்டு, அதினின்று வெளிப்பட்ட வாயுவில் மெழுகுவர்த்தி பேரொளியோடு எரியக் கண்டார். அடுத்த ஆண்டில் ஒரு சுண்டெலியை அவ்வாயு நிறைந்த கலத்தில் அடைத்தார். சாதாரணக் காற்றில் அது பிழைத்திருக்கக்கூடிய நேரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நேரம் உயிரோடிருந்தது. பின்பு தாமும் அதனைச் சுவாசித்துப் பார்த்து மார்பு இலேசாயிருக்க உணர்ந்தார். இங்ஙனம் மகிழ்ந்தவர் அவ்வளவில் நிற்கவில்லை. மெழுகுவர்த்தி இவ்வாயுவில் விரைவாய் எரிந்து விரைவாய்த் தீர்ந்து போகின்றதே. மனிதரும் இதனையே எந்நேரமும் சுவாசிப்பின் அவருடைய உயிர்ச்சுடரும் அங்ஙனமே விரைந்து தீருமோ என்று எழுதிவைத்தார். (ஸ்வீடன் தேசத்து ஷீலே என்பார் இவ்வாயுவை முன்னரே கண்டிருந்தாராயினும், அவர் நூல் 1777இலேயே வெளிவந்தது. ஆக்ஸிஜன் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு தேசத்து லவாசியே.) பிரீஸ்ட்லியின் ஐயம் வீணன்று என்பதை, அவர் கருதியும் பாராத ஓரிடத்தில், பிறந்து சில நாழிகையேயான சிசுக்களின் தொட்டிலருகே, பின்னோர் மிகுந்த விலைகொடுத்துக் கற்றனர். அவ்வரலாற்றையும், அதன் காரணமாகிய ரசாயன இயல்பையும் ஈண்டு ஒருவாறு கூற முற்படுகின்றோம்.

கருப்பையில் 37 வாரம் நிறையுமுன் பிறப்பனவற்றைக் குறைமாதச் சிசுக்கள் என்பர். 2020ஆம் ஆண்டில் உலக முழுதும் பிறந்தவற்றுள் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் இவ்வகையின. அஃதாவது பத்துக்கு ஒன்று. அவற்றுள் ஏறக்குறைய 30 லட்சம் நமது இந்திய தேசத்திற் பிறந்தவை. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் மரணத்திற்குரிய காரணங்களுள் குறைமாதப் பிறப்பே இன்று முதலிடம் பெறுகின்றது. ஏழு மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதத்துப் பிள்ளை பிழையாது என்று முதியோர் சிலர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். கிரேக்க தேசத்து ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களுள் எட்டாமாதப் பிள்ளையைப் பற்றியே தனியொரு நூல் இருத்தலின், இக்கொள்கை மிகப் பழையதும் பரந்ததுமாகும். ஆயினும் உண்மை அதற்கு நேர்மாறானது. கருப்பையிற் கூடுதலாய்க் கழியும் ஒவ்வொரு வாரமும் சிசுவுக்கு ஆதாயமே. எட்டாமாதத்துப் பிள்ளை ஏழாமாதத்துப் பிள்ளையினும் பிழைத்தற்கு உரியது.

இனி, கருப்பையினுள் சிசு எவ்வாறு வாழ்கின்றதென்று பார்ப்போம். அங்கே அது நீரில் மிதக்கின்றது. நுரையீரலிலும் காற்றில்லை, நீரே உள்ளது. வேண்டிய பிராணவாயு முழுவதும் தாயின் இரத்தத்தினின்று நஞ்சுக்கொடியின் வழியாய் வருகின்றது. அங்ஙனம் வருவது மிகச் சொற்பம். நம்முடைய தமனி இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அழுத்தத்தில் மூன்றிலொரு பங்கே கொடிவழி வரும் இரத்தத்தில் உண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜோசப் பார்கிராப்ட் என்பவர், கருவிலிருக்கும் சிசு எவரெஸ்ட் சிகரத்தின்மேல் வாழ்வாரை ஒக்கும் என்று உவமித்தார். உவமை அழகியது, எனினும் சிகரத்தேறியவன் அங்கே வருந்துகின்றான், சிசுவோ வருந்துவதில்லை. அதன் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நம்முடையதினும் வேறாய், சிறிதளவு பிராணவாயுவையும் இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மை வாய்ந்தது. எனவே அதன் உடல் முழுதும் அச்சிற்றளவிற்கே அமைந்திருக்கின்றது.

பிறந்தவுடன் நிகழ்வது என்ன? கொடி அறுகின்றது, நுரையீரலில் இருந்த நீர் வடிந்து காற்று நிரம்புகின்றது. பிறப்பதற்கு முன் நூற்றுக்கு 60 பங்களவே பிராணவாயு நிறைந்திருந்த இரத்தம், பத்து நிமிஷத்திற்குள் 85க்கு மேல், 95 வரையும் நிறைகின்றது. ஒன்பது மாதம் மங்கலிருளில் வாழ்ந்தவனை உச்சிவேளை வெயிலிற் கொண்டுபோய் நிறுத்தினாற் போன்றதோர் மாற்றம் இது. நிறைமாதச் சிசு இதனைத் தாங்குதற்கு இரண்டு ஆயத்தங்களைச் செய்துகொண்டே வருகின்றது: ஒன்று காற்றை உட்கொள்ளுதற்குரிய ஆயத்தம், மற்றொன்று அக்காற்றினால் வரும் தீங்கைத் தடுத்தற்குரிய ஆயத்தம். இவ்விரண்டும் கர்ப்பகாலத்தின் கடைசி வாரங்களிலேயே முற்றுப்பெறுகின்றன. குறைமாதச் சிசுவின் துன்பமெல்லாம், இவ்விரண்டும் முடியுமுன் அது வெளியே வந்துவிட்டது என்னும் ஒன்றிலே அடங்கும்.

முதல் ஆயத்தத்தை முன்னர்க் கூறுவாம். நுரையீரலின் முடிவிலுள்ள காற்றுச் சிற்றறைகளின் உட்புறம் எப்பொழுதும் ஈரமாயிருக்கும். நீரின் மேற்பரப்பு சுருங்கவே முயலும் இயல்புடையது. இதனைப் பரப்பு இழுவிசை என்பர். சவுக்காரக் குமிழிகள் இரண்டை ஒரு குழாயால் இணைத்துப் பார்த்த மாணவர், சிறிய குமிழி தன்னிலுள்ள காற்றைப் பெரியதனுள் தள்ளிவிட்டுத் தான் ஒடுங்கிப்போதலைக் கண்டிருப்பர். நுரையீரலிற் கோடிக்கணக்கான குமிழிகள் உள்ளனவே, அவை ஏன் ஒடுங்கவில்லை? 1929இல் வான் நீர்கார்டு என்பவர் பன்றியின் நுரையீரலைக் காற்றாலும் பின்பு திரவத்தாலும் நிரப்பிப் பார்த்து, திரவத்தால் நிரப்புதல் எளிதாயிருத்தலைக் கண்டு, இழுவிசையே தடையென்று தெளிந்தார். அவர் எழுதியதை இருபது ஆண்டுகளுக்குமேல் எவரும் பொருட்படுத்தவில்லை. 1950ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் பேட்டிலும் அமெரிக்காவில் கிளமெண்ட்ஸும், சிற்றறைகளின் உட்சுவரில் அவ்விழுவிசையைத் தணிக்கும் நெய்ப்பொருள் ஒன்று படிந்திருத்தலை வெளிப்படுத்தினர். அதற்கு இன்று சர்பாக்டன்ட் என்று பெயர். 1959இல் மேரி எல்லன் ஏவரி என்னும் பெண்மணியார் மீட் என்பாரோடு சேர்ந்து, மூச்சுத்திணறி இறந்த குறைமாதச் சிசுக்களின் நுரையீரலில் இப்பொருள் போதியவாறு இல்லையென்று நாட்டினார். இப்பொருள் போதிய அளவு சுரப்பது ஏறக்குறைய 34, 35ஆம் வாரங்களிலேயாம்.

அதனின்றிப் பிறந்த சிசுவுக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சைப்போன்ற பிரயாசமாகின்றது. மூக்குத் துவாரம் விரிகின்றது. விலாவெலும்புகளின் இடைப்பட்ட தசை உள்வாங்குகின்றது. மூச்சு விடுந்தோறும் ஒரு முனகலொலி எழுகின்றது. அம்முனகலை வெறும் அழுகையென்று எண்ணற்க. காற்று முழுவதும் வெளியேறிச் சிற்றறைகள் ஒட்டிப்போகாதபடி, சிசு தன் தொண்டையைப் பாதி அடைத்துக் காற்றைத் தேக்குகின்றது. அத்தடையின் ஓசையே முனகல். ஒருவரும் கற்பியாமலே அச்சிற்றுயிர் செய்யும் இவ்வுபாயத்தைக் கண்ட கிரிகரி என்னும் வைத்தியர், 1971இல், ஸான் பிரான்ஸிஸ்கோவில், அதே வேலையை ஒரு குழாயும் மெல்லிய இடைவிடா அழுத்தமும் செய்யும்படி அமைத்தார். இன்று சிறு நகரத்து மருத்துவமனைகளிலும் மூக்கில் மாட்டப்பெறும் அக்குழாயின் பிறப்பு இதுவே.

இந்நோயின் கொடுமையை உலகம் அறிந்தது 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். அமெரிக்கக் குடியரசின் தலைவர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாய்ப் பிறந்தான்; எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அக்காலத்தில் சிசுக்களுக்கேற்ற சுவாச இயந்திரம் பெருவழக்காய் வரவில்லை. பாஸ்டன் நகரத்தில் அவனைக் காற்றழுத்தம் மிகுந்த இரும்பு அறையினுள் வைத்துப் பிராணவாயுவை மிகுதியாய்ச் செலுத்தினர். 39 மணி நேரத்தில் இறந்தான். அத்தகைய செல்வத்தாலும் அதிகாரத்தாலும் அன்று வாங்கமுடியாத ஒன்றை, 1980இல் ஜப்பான் தேசத்துப் பூஜிவாரா என்பவர் பசுவின் நுரையீரலினின்று எடுத்துத் திருத்திய நெய்ப்பொருளாய்ப் பத்துச் சிசுக்களின் மூச்சுக்குழலிற் செலுத்திக் காட்டினார். பாட்ரிக்கைப்போல் அவ்வெடையோடு இன்று பிறக்கும் குழந்தை, தகுந்த பராமரிப்பிருப்பின், பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றது.

இனி இரண்டாம் ஆயத்தம். இரும்பு துருவேறுதலும், நெய் நாட்பட்டுக் காறுதலும், விறகு எரிதலும் பிராணவாயுவின் ஒரே தொழிலின் வேறு வேறு தோற்றங்கள் என்பதை ரசாயன மாணவர் அறிவர். நம் உடலினுள்ளும் உணவை எரித்துச் சூடும் வலியும் தருவது அதுவே. ஒரு பிராணவாயு மூலக்கூறு நான்கு எலெக்ட்ரான்களை ஒருங்கே பெற்று நீராய் முடிவது முறையான வழி. உயிரணுக்களிலுள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் உலைகளில் பெரும்பகுதி இங்ஙனமே நடைபெறுகின்றது. ஆயினும் பிராணவாயுவின் இயல்பு ஒன்றுண்டு: அஃது எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாய்ப் பெறுவதற்கே எளிதில் இசைகின்றது. எனவே உலையினின்று சிதறும் பொறிபோல ஒரு சிறு பகுதி வழிதவறி, ஓர் எலெக்ட்ரான் மட்டும் பெற்றுச் சூப்பராக்ஸைடு ஆகவும், இரண்டு பெற்று ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆகவும் இடையில் நின்றுவிடுகின்றது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு கட்டற்ற இரும்பைச் சந்திப்பின் ஹைட்ராக்ஸில் என்னும் துணுக்குப் பிறக்கின்றது. இதனினும் வெறிகொண்ட பொருள் உயிருடலில் வேறில்லை எனலாம். தான் பிறந்த இடத்தில் எது முதலில் எதிர்ப்படுகின்றதோ அதனையே கடித்துவிடும். உயிரணுவின் சவ்விலுள்ள கொழுப்பு நெய்போலக் காறுகின்றது, புரதங்கள் உருக்குலைகின்றன, மரபுப்பொருளின் இழைகளும் அறுகின்றன.

கதிர்வீச்சினால் உடல் கெடுதலும், பிராணவாயு மிகுதியால் உடல் கெடுதலும் இத்துணுக்குகளாகிய ஒரே காரணம்பற்றியன என்று 1954இல் வெளியிட்டவர் அர்ஜெண்டினா தேசத்து ரெபேக்கா கெர்ஷ்மன் என்னும் அம்மையார். பலர் அதனை நம்பவில்லை. இத்தகைய கொடிய பொருள்கள் உயிருடலில் எந்நாளும் பிறக்கக்கூடுமோ என்றனர். விடை வேறொரு திசையினின்று வந்தது. மாட்டின் இரத்தத்தில் செம்பு கலந்த நீலநிறப் புரதம் ஒன்றிருத்தலை 1938லேயே கண்டு வைத்திருந்தனர். அதன் தொழில் யாதென்று ஒருவர்க்கும் தெரியவில்லை. 1969இல் அமெரிக்காவில் மெக்கார்டு, பிரிடோவிச் என்னும் இருவர், சூப்பராக்ஸைடை அழித்தலே அதன் தொழிலென்று காட்டினர். முப்பது ஆண்டு வேலையற்றவனென்று கருதப்பட்டவன் வீட்டின் காவற்காரனாய் இருந்தான்! காவல் உண்டெனின் கள்வனும் உண்டென்பது சொல்லாமலே விளங்கும். சூப்பராக்ஸைடு டிஸ்மூட்டேஸ் எனப்படும் இதனோடு, காடலேஸ், குளுடாதயோன் பெராக்ஸிடேஸ் முதலிய என்சைம்களும், வைட்டமின் ஈ, சீ முதலியவையும் சேர்ந்து உடலைக் காக்கின்றன. தீங்கு செய்வன மிகுந்து காப்பன குறைந்த நிலைமையே ஆக்ஸிஜனேற்ற நெருக்கடி எனப்படும்.

குறைமாதச் சிசு இந்நெருக்கடியில் எங்ஙனம் அகப்படுகின்றதெனின், முயல், எலி முதலியவற்றின் கருவை ஆராய்ந்தோர், இக்காவல் என்சைம்கள் கர்ப்பத்தின் இறுதிச் சிறு பகுதியில், நுரையீரலின் நெய்ப்பொருள் சுரக்கும் அதே காலத்திலேயே பெருகுதலைக் கண்டனர். இயற்கை இரண்டு ஆயத்தங்களையும் ஒரே நாழிகைக்கு வைத்திருக்கின்றது. அதற்கு முன் பிறந்த சிசுவுக்குக் காவலும் குறைவு; வைட்டமின் ஈ தங்குதற்குரிய கொழுப்பும் குறைவு; இரும்பைக் கட்டிவைக்கும் புரதங்கள் குறைந்திருத்தலின் கட்டற்ற இரும்போ மிகுதி. இவ்வளவோடு நில்லாமல், சர்பாக்டன்ட் இன்மையால் மூச்சுத் திணறுகின்றது. திணறுதலாற் பிராணவாயு மிகுதியாய்க் கொடுக்கவேண்டியிருக்கின்றது. கொடுத்த பிராணவாயு காவலற்ற நுரையீரலைச் சுடுகின்றது. சுட்ட இடத்தில் வீக்கம் உண்டாகி, அங்கே திரளும் வெள்ளணுக்கள் தாமும் அத்துணுக்குகளையே உமிழ்கின்றன. நுரையீரல் இன்னும் கெட, இன்னும் மிகுந்த பிராணவாயு வேண்டப்படுகின்றது. நோய்க்கு மருந்தாவதே நோயை வளர்க்கும் இச்சுழலை மருத்துவர் உணர்தற்குமுன் நேர்ந்தவை துயரமானவை.

1942இல் பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவர் டெர்ரி என்பவர், குறைமாதத்திற் பிறந்து பிழைத்த குழந்தைகளின் கண்மணிக்குப் பின்னே வெண்ணிறத் திரை ஒன்று வளர்ந்து பார்வையை முற்றும் கெடுத்தலை வெளியிட்டார். அடுத்த பத்தாண்டிற்குள் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் இவ்வாறு குருடாயினர். இதில் வியப்பு யாதெனின், இந்நோய் ஏழை நாடுகளில் அன்று இல்லை. செல்வம் மிக்க நாடுகளில், நல்லுபகரணம் வாய்ந்த மருத்துவமனைகளிலேதான் மிகுந்தது. வெளிச்சமோ, இரும்புச்சத்தோ, வைட்டமின் குறைவோ என்று பலவற்றை ஐயுற்றனர். வெப்பப் பெட்டியினுள் தாராளமாய்ப் பாய்ந்துகொண்டிருந்த பிராணவாயுவை ஐயுற ஒருவர்க்கும் மனம் வரவில்லை. 1951இல் மெல்போர்ன் நகரத்துக் கேட் கேம்பெல் அம்மையாரே, அதனைத் தாராளமாய் வழங்கிய இடத்தில் குருடு மிகுதலையும் அளவாய் வழங்கிய இடத்திற் குறைதலையும் ஒப்பிட்டு வெளியிட்டார்.

அதற்கு முன்பே, 1948இல், வாஷிங்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஆர்னால் பாட்ஸ் என்னும் இளைஞர், சிசுக்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றிற்கு மிகுதியாகவும் மற்றொரு கூற்றிற்கு வேண்டியபோது மட்டும் அளவாகவும் பிராணவாயு கொடுக்கும் சோதனையைத் தொடங்கியிருந்தார். இரவுக் காவலிலிருந்த தாதியர் சிலர்க்கு இது பொறுக்கவில்லை. பச்சிளங் குழந்தைக்கு மூச்சுக்காற்றைக் குறைப்பதா என்று இரங்கி, மருத்துவர் இல்லாத வேளையில் அளவாய்ப் பெறும் குழந்தைகளுக்கும் திருகாணியைத் திறந்துவிட்டனராம். அத்தாதியரை நாம் குறைகூற நினைக்கவில்லை. அவர் நிலையில் நாம் இருந்தாலும் அதையே செய்திருப்போம். ஆயினும் அவர் இரக்கத்தோடு திருப்பிய ஒவ்வொரு திருகும் ஒரு கண்ணின் ஒளியைத் தணித்ததாகலாம் என்பதை எண்ணுங்கால் நெஞ்சு நடுங்குகின்றது. 1950இல் மிச்சிகன் மாகாணத்தில் ஆறு வாரம் முன்னதாய்ப் பிறந்து இவ்வாறே பார்வையிழந்தவருள் ஒருவர், பின்னாளில் உலகறிந்த பாடகரான ஸ்டீவி வொண்டர்.

பின்பு 1953இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் கூடிப் பெருஞ்சோதனை நடத்தின. பிராணவாயுவைக் குறைத்துக் கொடுத்தவிடத்துக் குருடு மூன்றிலொரு பங்கிற்குக் குறைந்தது. லண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளை ஆராய்ந்து காரணத்தையும் விளக்கினார். விழித்திரையின் இரத்தக்குழாய்கள் நடுவினின்று விளிம்பை நோக்கி வளர்ந்து, ஒன்பது மாதம் நிறையும்போதுதான் விளிம்பை அடைகின்றன. பிராணவாயு மிகுந்தால் அவை இனி வேண்டுவதில்லையென்று வளர்ச்சியை நிறுத்தி வாடுகின்றன. பின்னர்ப் பசித்த விழித்திரை கூவியழைக்க, ஒழுங்கின்றிப் படர்ந்து விழித்திரையையே இழுத்துப் பெயர்க்கின்றன. வெற்றி பெற்றோமென்று மருத்துவ உலகம் மகிழ்ந்து, 100க்கு 40 பங்கிற்குமேற் பிராணவாயு கொடுக்கலாகாதென்று எங்கும் விதித்தது.

இங்கேதான் இரண்டாம் தவறு நேர்ந்தது. அப்பெருஞ்சோதனையில், பிறந்து 48 மணி நேரம் கழிந்து உயிரோடிருந்த சிசுக்களையே சேர்த்திருந்தனர். முதல் இரண்டு நாளில், மூச்சுத்திணறல் முறுகியிருக்கும் அவ்வேளையில், பிராணவாயுவைக் குறைத்தால் நேர்வது யாதென்று அச்சோதனை கூறமுடியாது. கேட்கப்படாத கேள்விக்கு விடை ஏது? விதியோ முதல் மணி நேரத்தினின்றே எல்லார்க்கும் செலுத்தப்பட்டது. குருடு குறைந்தது, மரணம் மிகுந்தது. 1973இல் கென்னத் கிராஸ் என்பவர் இங்கிலாந்தின் மரணக் கணக்குகளை ஆராய்ந்து, பார்வை காக்கப்பட்ட குழந்தை ஒன்றிற்கு ஏறக்குறைய 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கலாமென்று மதிப்பிட்டார். குருடரான குழந்தைகள் கண்முன் நின்றமையால் அவர்க்காக உலகம் வருந்திற்று. இறந்த சிசுக்கள் கணக்கேட்டில் எண்களாய் மறைந்தமையால் அவர்க்காகப் பேச ஒருவரும் எழவில்லை.

நுரையீரலின் செய்தியும் ஏறக்குறைய இதுவே. சுவாச இயந்திரம் வழக்கிற்கு வந்தபின், முன்னர் இறந்தொழிந்த சிசுக்கள் பிழைக்கத் தொடங்கின. 1967இல் நார்த்வே என்பவரும் கூட்டாளிகளும், அங்ஙனம் இயந்திரத்தாலும் செறிந்த பிராணவாயுவாலும் நெடுநாட் காக்கப்பட்ட 32 சிசுக்களின் படங்களை ஆராய்ந்து, அவர்தம் நுரையீரல் தழும்பேறி வீங்கித் தேன்கூடு போலாயிருத்தலை வெளியிட்டனர். இன்று மென்முறைகள் வந்தபின் அத்தழும்பு குறைந்துளது. ஆயினும் மிகக் குறைமாதத்தாரின் நுரையீரலில் சிற்றறைகள் பலவாய்ப் பிரியாமல் சிலவாய்ப் பெரியவாய் நின்றுவிடுகின்றன. அக்குழந்தைகள் சளியும் இழுப்புமாய் ஆண்டுக்கணக்கில் வருந்துதல் உண்டு.

நிறைமாதச் சிசுவைக் குறித்தும் ஒரு வார்த்தை இடையே சொல்லவேண்டும். நம் தேசத்தவர்க்கு இதிற் பங்குண்டு. பிறந்தவுடன் அழாத குழந்தைக்குக் கலப்பற்ற பிராணவாயு கொடுத்தலே நெடுங்கால வழக்கு. நார்வே தேசத்து ஓலா ஸாக்ஸ்டாட் என்பவர், மூச்சடைத்துக் கிடந்த உடலில் ஹைப்போசாந்தின் என்னும் பொருள் தேங்கியிருக்குமென்றும், திடீரென்று பிராணவாயு பாயுங்கால் அப்பொருளினின்றே தீய துணுக்குகள் பெருகுமென்றும் கருதினார். சாதாரணக் காற்றே போதுமோ என்று மனிதச் சிசுக்களில் முதன்முதற் சோதித்து 1993இல் வெளியிட்டவர் டெல்லி நகரத்து மருத்துவர் ராம்ஜியும் அவர் கூட்டத்தாரும் ஆவர். 1998இல் ஆறு தேசங்களில் 609 சிசுக்களைக் கொண்டு நடந்த சோதனையும் அதனை ஆதரித்தது. 2010இல் உலக வழிகாட்டிகள் மாறின: நிறைமாதச் சிசுவுக்கு முதலில் நாம் அனைவரும் சுவாசிக்கும் காற்றே, அஃதாவது 100க்கு 21 பங்கு பிராணவாயுவே. மிகக் குறைமாதச் சிசுவுக்கு எவ்வளவில் தொடங்குவதென்பது இன்றும் மருத்துவருள் வழக்காயிருக்கின்றது.

பழைய தவறுகளுக்கெல்லாம் ஒரு காரணம், அளக்கும் கருவி இன்மையே. பெட்டியிலுள்ள காற்றை அளந்தனரேயன்றிச் சிசுவின் இரத்தத்தை அளக்க வகையில்லை. 1956இல் கிளார்க் என்பவரின் மின்முனை வந்தது. எனினும் அதற்குத் துளி இரத்தம் எடுக்கவேண்டும். 1974இல் ஜப்பான் தேசத்து அயோயாகி, தோலினூடு ஒளியைச் செலுத்தி நாடித்துடிப்பைக்கொண்டே அளக்கும் முறையை வகுத்தார். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய்க் காலத்தில் நம் வீடுகளிலெல்லாம் புகுந்த விரற்கருவி அதன் வழிவந்ததே. சிசுவுக்கு விரல் போதாமையால் சிற்றடியிலோ உள்ளங்கையிலோ அதனைச் சுற்றிவைக்கின்றனர்.

கருவி வந்தது, எவ்வளவு வேண்டும் என்னும் கேள்வி எஞ்சியது. 28 வாரத்திற்கு முன் பிறந்த சிசுக்களில், இரத்தத்தின் நிறைவை 85 முதல் 89 வரை நிறுத்துவதா, 91 முதல் 95 வரை நிறுத்துவதா என்று பல தேசங்களில் ஐந்து சோதனைகள் நடந்தன. 4,965 சிசுக்களின் முடிவை ஒருங்கே தொகுத்து 2018இல் வெளியிட்டனர். குறைந்த அளவில் இறந்தோர் 100க்கு 19.9, மிகுந்த அளவில் 17.1. கண்ணிற்குச் சிகிச்சை வேண்டியிருந்தோர் குறைந்த அளவில் 10.9, மிகுந்த அளவில் 14.9. பார்வையா, உயிரா என்னும் அப்பழைய வழக்கு நான்கைந்து எண்களின் இடைவெளிக்குள்ளே இன்னும் உயிரோடிருத்தலை இதிற் காண்கின்றோம். மருத்துவர் பெரும்பாலும் உயிரின் பக்கமே சாய்ந்து, 90க்குச் சிறிது மேலே வைத்துக் கண்ணைத் தனியே காவல் செய்கின்றனர். நம் கருத்தும் அதுவே. கண்ணுக்கு மருத்துவம் உண்டு, மரணத்திற்கு இல்லை.

காவல் குறைந்ததே குற்றமெனின், அக்காவற்பொருளையே மருந்தாய்க் கொடுத்தாலென்ன என்று வாசகர் வினவலாம். வினா நியாயமே, விடைதான் எளிதன்று. வைட்டமின் ஈ மிகுதியாய்க் கொடுத்த சிசுக்களிற் கிருமித் தொற்று மிகுந்தது. 1984இல் அமெரிக்காவில் இரத்தக்குழாய்வழிச் செலுத்தும் வைட்டமின் ஈ மருந்தொன்றினால் 38 சிசுக்கள் இறந்தனர். அதனைக் கரைக்கச் சேர்த்த பொருளே காரணமாகலாமென்பர். சூப்பராக்ஸைடு டிஸ்மூட்டேஸையே மூச்சுக்குழலிற் செலுத்திய சோதனையின் முடிவு 2003இல் வந்தது: நாட்பட்ட நுரையீரல் நோய் குறையவில்லை, ஆயினும் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அக்குழந்தைகளிடத்து இழுப்பு நோய் குறைந்திருந்தது. வைட்டமின் ஏ ஊசியால் 1999இல் நோயும் மரணமும் சேர்ந்து 62 என்பது 55 ஆயிற்று; அதற்கு வாரம் மும்முறை ஊசி குத்தவேண்டும். இத்துணுக்குகள் முற்றிலும் பகையல்ல என்பதும் மறக்கத்தக்கதன்று. கிருமிகளைக் கொல்லுதற்கு வெள்ளணுக்கள் ஏந்தும் ஆயுதம் இவையே. வளரும் உடல் தன் செய்திகளைச் சொல்லியனுப்பவும் இவற்றைச் சிறிதளவு வழங்குகின்றது. ஆயுதமெல்லாவற்றையும் பறித்துவிடின் வீடு காக்கப்படுமோ?

பயன் கண்டவை வேறு சில. நியூஸிலாந்து தேசத்து லிக்கின்ஸ், ஆடுகளிற் செய்த சோதனையில் குறைகாலத்துக் குட்டி ஒன்று எதிர்பாராது பிழைத்திருக்கக் கண்டு, ஹௌவி என்பாரோடு சேர்ந்து 1972இல் 282 தாய்மாரைக்கொண்ட ஆராய்ச்சியை வெளியிட்டார். பிரசவத்திற்குமுன் தாய்க்குப் பீட்டாமெத்தஸோன் ஊசி இட்டபோது சிசுவின் மூச்சுத்திணறல் 25.8இலிருந்து 9 ஆகக் குறைந்தது. விலை மிகக் குறைந்த இம்மருந்தே நுரையீரலை வாரக்கணக்கில் முதிரச் செய்கின்றது. மூச்சு இடையிடையே நின்றுபோகும் சிசுக்களுக்குக் காப்பியிலுள்ள காபீனையே கொடுக்கின்றனர். 2006இல் வெளிவந்த முடிவின்படி, 36ஆம் வாரத்திலும் பிராணவாயு வேண்டியிருந்தோர் 47இலிருந்து 36 ஆகக் குறைந்தனர். காலையிற் காப்பியின்றி மூச்சே வாராது என்று சொல்லும் நம் நண்பர் சிலர் இதனைக் கேட்டு மகிழ்வர். தாய்ப்பாலில் இயல்பாகவே காவற்பொருள்கள் பல உள; அதிலுள்ள லாக்டோபெரின் கட்டற்ற இரும்பைக் கட்டிவைக்கின்றது. 1978இல் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரத்தில், பெட்டிகள் போதாத குறையினால், சிசுவைத் தாயின் மார்பில் தோலோடு தோலாய்க் கட்டிவைக்கும் வழக்கம் தொடங்கிற்று; நம் தேசமும் சேர்ந்த ஐந்து தேசங்களின் ஆராய்ச்சியில், பிறந்தவுடனே அங்ஙனம் செய்யின் மரணம் காற்பங்கு குறைதல் 2021இல் தெரிந்தது.

கண்ணைக் காக்கும் வழியும் இன்று தெளிவாயிருக்கின்றது. நம் தேசத்து விதிப்படி, 34 வாரத்திற்கு முன் பிறந்ததோ 2 கிலோவுக்குக் குறைந்ததோ ஆகிய ஒவ்வொரு சிசுவின் விழித்திரையையும் பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் பார்க்கவேண்டும். வெளியே நின்று பார்க்கும் தாய்க்குக் கண் தெளிவாகவே தோன்றும். வெண்திரை கண்மணியிற் புலப்படும் நாளில் காலம் கடந்திருக்கும். குழந்தை பிழைத்து வீடு சேர்ந்த மகிழ்ச்சியில் அந்த முப்பதாம் நாள் மறக்கப்படுகின்றது. குறைமாதக் குழந்தை பிறந்த வீடு நம் வாசகர்க்குத் தெரிந்த வீடாயிருப்பின், குழந்தை எத்தனை வாரத்திற் பிறந்தது, கண்ணைப் பார்த்தாயிற்றா என்னும் இரண்டு கேள்விகளை, முப்பது நாள் கழிவதற்குள், அங்கே சென்று கேட்பாராக.